ஃபேனை நிறுத்திவிட்டுப் பூசிய வெள்ளை

என் மச்சான் சேகருக்கு, அன்போடும், கொஞ்சம் கோபத்தோடும்.

எட்டு வருடம் உன்னோடு பேசாமல் இருந்தேன். நீ போன பிறகு பத்து மாதம் உன்னைப் பற்றி யாரோடும் பேசாமல் இருந்தேன். போதும். இவ்வளவு காலம் வாயை மூடிக்கொண்டிருந்ததே அதிகம்.

பல் டாக்டர் ஜெரோம் மூன்று முறை கேட்டுவிட்டார். "சார், நம்ம குரூப் பேஜ்ல சேகரப் பத்தி எல்லாரும் நாலு வரி எழுதிட்டாங்க. நீங்கதான் பாக்கி. கூடப் படிச்சவரு, தங்கச்சியக் குடுத்தவரு. நீங்க எழுதலன்னா எப்படி?" மூன்று முறையும் தேர்வுத்தாள் திருத்த வேண்டும் என்று சொல்லிவிட்டேன். திருத்துவதற்கு ஒரு தாளும் இல்லை. பொய் சொன்னேன்.

நம் சொந்தக்காரர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்கு நாம் செய்ததெல்லாம் பொம்மை விளையாட்டு. "நாப்பது வயசு தாண்டின ரெண்டு ஆம்பளைங்க ஞாயித்துக்கெழமையானா பொம்ம வச்சி விளையாடறானுங்க" என்று உன் பெரியப்பா கல்யாண வீட்டில் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. எனக்கு எல்லாமே ஞாபகம் இருக்கும், அதுதான் என் வியாதி. ஆகவே அவர்களுக்காக ஒரு வார்த்தை: சுண்டுவிரலின் பாதி உயரம்கூட இல்லாத சிப்பாய்கள் அவை. வெறும் சாம்பல் நிறப் பிளாஸ்டிக்கில் வரும். ஒட்டி, கையால் வண்ணம் பூசி, ஒரு பெரிய மேஜையில் மலை, வாய்க்கால், கோட்டைச் சுவர் எல்லாம் வைத்து, அளவு நாடாவால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போடுவோம். நாம் போட்டது நம் ஊர்ச் சண்டை. கடலூருக்காக இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் அடித்துக்கொண்டது. தேவனாம்பட்டினத்தில் கோட்டை இருந்த இடத்தைத் தாண்டித்தானே நீயும் நானும் ஒரே சைக்கிளில் காலேஜுக்குப் போனோம்.

அப்போதே நீ என்னை மச்சான் என்றாய். பிறகு மல்லிகாவைக் கட்டிக்கொண்டு அதை உண்மையாக்கினாய்.

இங்கிலீஷ்காரனுக்குச் சிவப்புக் கோட்டு. பிரெஞ்சுக்காரனுக்கு வெள்ளைக் கோட்டு. யாருக்கு எது என்று ஜெரோம் வீட்டு மாடியில் பிரித்த அன்று நீ சொன்னது: "மச்சான், நீ செவப்பு எடுத்துக்கோ. வெள்ளை ரொம்பப் படுத்தும். தூசு பட்டாத் தெரியும், கை நடுங்கினாத் தெரியும். அத நான் பாத்துக்கறேன்." என் காதில் விழுந்தது வேறு. உனக்கு வராது என்று விழுந்தது. நான் வெள்ளையைத்தான் எடுத்தேன்.

முப்பத்தாறு பேர். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்தேன். கருப்பு அடிப்பூச்சு, அதன்மேல் புட்டியிலிருந்து அப்படியே எடுத்த வெள்ளை. கருப்பு தெரிந்தது, இன்னொரு கோட்டிங். அப்போதும் தெரிந்தது, இன்னொன்று. சித்திரை வெயில், சீக்கிரம் காயட்டும் என்று ஃபேனை ஐந்தில் வைத்திருந்தேன். சாயங்காலம் வரிசையாக நிறுத்திப் பார்த்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வெள்ளை என்றால் இது வெள்ளை.

அடுத்த வாரம் ஜெரோம் வீட்டுக்குப் புதுச்சேரியிலிருந்து நான்கு பேர் வந்திருந்தார்கள். நான் முப்பத்தாறு பேரையும் மேஜையில் இறக்கினேன். நீ குனிந்து பார்த்தாய். சிரித்தாய். "என்னா மச்சான், பொங்கலுக்கு வெள்ளையடிச்சியா? இது பிரெஞ்சுக்காரனா, மாட்டுக்கொட்டாய் செவுரா?"

நான்கு பேரும் சிரித்தார்கள். ஜெரோமும் சிரித்தார், அதற்கு அவருக்கு என்னிடம் தனிக் கணக்கு இருக்கிறது. நான் வாட்சைப் பார்த்தேன், ஏதோ வேலை இருப்பதாகச் சொன்னேன், இறங்கி வந்துவிட்டேன். அன்று அவர் வீட்டில் இறால் பிரியாணி. வாசனை தெருமுனைவரை என்னோடு வந்தது. சிப்பாய்களை அங்கேயே விட்டுவிட்டேன். திரும்பிப் போய் எடுக்க மானம் இடம் கொடுக்கவில்லை.

நான்கு மாதம் கழித்து என் போனில் ஒரு படம் வந்தது. நீ அனுப்பியது. ஒரே ஒரு பிரெஞ்சுச் சிப்பாய். கூடவே ஒரு வரி: 'உன் ஆளு ஒருத்தன ரெடி பண்ணிட்டேன். வந்து பாரு.' அதே படத்தைக் குழுவிலும் போட்டிருந்தாய். அபாரம் என்றார்கள், எப்படிச் செய்தீர்கள் என்றார்கள். அது என் சிப்பாய் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. நான் படத்தைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்கவில்லை. என் பெயிண்டைச் சுரண்டி எறிந்துவிட்டு உன் பெயிண்டைப் பூசியிருக்கிறாய் என்று முடிவு செய்தேன். நான் செய்ததை இல்லாமல் ஆக்கிவிட்டுப் பெயர் வாங்குகிறாய் என்று.

எட்டு வருடம் மச்சான். வளைகாப்பு, காதுகுத்து, கிரகப்பிரவேசம் எல்லாவற்றிலும் நீ ஒரு வரிசை, நான் ஒரு வரிசை. பந்தியில் நீ உட்கார்ந்தால் நான் அடுத்த பந்தி. ஒருமுறை நெல்லிக்குப்பம் கல்யாண மண்டபத்தில் கை கழுவும் இடத்தில் நேருக்கு நேர் வந்துவிட்டோம். "என்னா மச்சான், நல்லா இருக்கியா?" என்றாய். நான் குழாயைப் பார்த்துக்கொண்டே கை கழுவினேன். அந்தக் கையை நான் எவ்வளவு நேரம் கழுவினேன் என்று உனக்கு ஞாபகம் இருந்ததா?

ஆடி மாதம் உன் ஆபீஸில், பழைய கோப்புகள் வைக்கும் அறையில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டாய். நான் பிறந்த வீட்டுக் கோடியை எடுத்துக்கொண்டு வந்தேன். செய்ய வேண்டியதைச் செய்தேன். உன் முகத்தைப் பார்த்தேன். என்ன நினைத்தேன் என்று இங்கே எழுத முடியாது.

சித்திரையில் மல்லிகா போன் செய்தாள். "அண்ணா, அவுங்க பீரோவ ஒதுக்கினேன். ஒரு பொட்டி இருக்கு. உன்னுதுன்னு எழுதியிருக்கு. வந்து எடுத்துக்கினு போ."

சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் வந்தேன். முதுநகரில் இறங்கி நடந்தேன். உன் வீட்டுப் படி ஏறி எத்தனை காலம் ஆயிற்று என்று மல்லிகா கேட்கவில்லை. காபி போட்டுக் கொடுத்தாள். பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். மருந்து வருகிற தெர்மாகோல் பெட்டி, ஜெரோம் கொடுத்ததாக இருக்கும். மூடியில் உன் கோணல் எழுத்து: 'மச்சான், பிரெஞ்சு, 36.' உள்ளே ஸ்பாஞ்சில் முப்பத்தாறு குழி வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒருவனைப் படுக்க வைத்திருந்தாய்.

ஒருவனை எடுத்து ஜன்னலோரம் போனேன்.

நான் இருபத்து நான்கு வருடமாக ஒளியியல் நடத்துகிறேன். வெள்ளை என்றால் என்ன என்று வருடத்துக்கு அறுபது பேருக்குச் சொல்கிறேன். எல்லா நிறமும் சேர்ந்தால் வெள்ளை. படுகிற வெளிச்சத்தை எல்லாம் திருப்பி அனுப்பினால் வெள்ளை. அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை என்று நினைத்திருந்தேன். அந்த ஜன்னலில் நின்றபோது நான் பாடத்தில் பாதியைத்தான் நடத்தியிருக்கிறேன் என்று தெரிந்தது.

கையை நீட்டிப் பிடித்தால் அவன் கோட்டு வெள்ளை. அவ்வளவு வெள்ளையை நான் பார்த்ததில்லை. கண்ணருகே கொண்டுவந்தால் அதில் வெள்ளையே இல்லை. கோட்டின் மடிப்புக்குள் கடல்மேல் மழை நிற்கும்போது தெரிகிற சாம்பல். மடிப்பு ஏறி வரும் இடத்தில் கொஞ்சம் நீலம் கலந்த சாம்பல். அதற்கு மேலே முதல் நாள் தயிரின் நிறம். அப்புறம், தோளின் மேட்டில், கைமடிப்பின் ஓரத்தில், தோட்டாப் பையின் மூடி நுனியில் மட்டும், ஒரு முடி அகலத்துக்கு வெள்ளை. ஒரு நிறம் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று காட்ட முடியவில்லை. அரை அங்குலக் கோட்டில் ஒரு காலை நேரம் முழுவதும் இருந்தது.

மல்லிகா கொடுத்த வெள்ளைத் தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தாள்தான் அதிக வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது, கருவி வைத்து அளந்தாலும் அப்படித்தான் வரும். கண் தாளைப் பார்த்து 'காகிதம்' என்றது. கோட்டைப் பார்த்து 'வெள்ளை' என்றது.

ஒவ்வொருவனாக எடுத்தேன். ஒருவன் கோட்டின் கீழ் விளிம்பில் கேப்பர் மலைச் செம்மண். மலை ஏறி வந்திருக்கிறான்! இன்னொருவனுக்கு முழங்காலில் மட்டும் சேறு காய்ந்த நிறம், மண்டியிட்டுச் சுட்டவன். நிழல்கூட எல்லோருக்கும் ஒன்றல்ல. மத்தியானம் நிற்பவன் ஒருவன், சாயங்காலம் நிற்பவன் ஒருவன். காபி ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது. நான் பேசாமல் இருந்தேன். இந்த முறை கோபத்தினால் இல்லை.

முப்பத்தைந்து பேர் முடிந்திருந்தார்கள். கடைசிக் குழியில் கொடி பிடித்த அதிகாரி மட்டும் நான் விட்டுவந்த மாதிரியே கிடந்தான். கட்டி கட்டியாகச் சுண்ணாம்பு. மாட்டுக்கொட்டகைச் சுவர். நீ சொன்னது சரியாகத்தான் இருந்தது.

"இவன மட்டும் ஏன் விட்டுட்டான்?" என்றேன்.

"அவரு ஆபீசராம். அவருக்கு உங்க அண்ணன் வந்துதான் போடணும்னுவாரு. நான் கேக்கும்போதெல்லாம் இதான் பதிலு."

"நான் எங்க வந்தேன்?"

"அதான். எட்டு வருசமா எங்க வந்த?"

மல்லிகா கோபமாகச் சொல்லவில்லை. அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது சொன்னாள்: "வருசம் திரும்பற வாரம் டாக்டர் வீட்ல மேஜ போடறாங்களாம், அவுங்க ஞாபகத்துக்கு. இவனுங்களயும் கொண்டாரச் சொல்றாரு. முப்பத்தாறும் நிக்கணும்ணா. ஒண்ணு கொறஞ்சாலோ, ஒண்ணு மட்டும் அசிங்கமா நின்னாலோ, என்னால அங்க உக்கார முடியாது. நீ முடிச்சிக் குடு."

எனக்கு வராது என்று சொல்லியிருக்கலாம். அன்று உன்னிடம் சொல்லாத அந்த வார்த்தையை உன் பெண்டாட்டியிடம் சொல்ல வாய் வரவில்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். புதுச்சத்திரம் தாண்டும்வரை மூடியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, "என்னாங்க, குஞ்சா?" என்று கேட்டார். கோழிக்குஞ்சு கொண்டுபோவதாக நினைத்திருக்கிறார்.

முதல் யோசனை, அதிகாரியை ஊறப்போடுவது. காயத்துக்குப் போடுகிற கிருமிநாசினியில் ஒரு நாள் போட்டுவைத்தால் பழைய பெயிண்ட் முழுவதும் கழன்றுவிடும், பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துவிடலாம். நம் குழுவில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். நீயும் அப்படித்தான் செய்திருப்பாய் என்று நினைத்தேன். டம்ளரில் ஊற்றிவிட்டேன். அதிகாரியைக் கையில் எடுத்துவிட்டேன். அப்போதுதான் ஒரு சந்தேகம். நீ எப்படி அவ்வளவு சுத்தமாகக் கழற்றினாய், மடிப்பில் ஒரு பொட்டுகூட மிச்சமில்லாமல்? அதைப் பார்த்துவிட்டு ஊறப்போடுவோம் என்று காலேஜ் ஆய்வகத்து லென்ஸை எடுத்துவந்து உன் முப்பத்தைந்து பேரையும் வரிசையாகப் பார்க்கத் தொடங்கினேன்.

பதினோராவது ஆளின் வலது தோளில் ஒரு முடி இருந்தது.

உனக்குத் தெரியும் அந்த முடி. பெயிண்டுக்குள் புதைந்து, வளைந்து, ஒரு முனை மட்டும் வெளியே. அது என் பிரஷ் முடி. ஸ்கூல் பிள்ளைகள் வாங்குகிற பிரஷ் அது, அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் முடி உதிர்ந்துகொண்டே இருந்தது. இவன் தோளில் ஒட்டியதைப் பிடுங்கப் பார்த்தேன், பெயிண்டும் சேர்ந்து இழுபட்டது, போகட்டும் என்று விட்டேன். எனக்கு எல்லாமே ஞாபகம் இருக்கும் என்று சொன்னேனே.

அந்த முடி எங்கே இருந்தது தெரியுமா? தோளின் உச்சியில். கோட்டிலேயே மிக வெள்ளையான இடத்தில். மச்சான், அந்த வெள்ளை என்னுடையது.

எல்லோரையும் மறுபடி பார்த்தேன். இவன் கைமடிப்பில் என் பிரஷ் ஓடிய தடம். அவன் முதுகில் என் கட்டி, தேய்த்துத் தட்டையாக்கியிருக்கிறாய், ஆனால் விளிம்பு தெரிகிறது. நீ சுரண்டவில்லை. என் சுண்ணாம்பைத் தேய்த்து மட்டம் செய்து, பள்ளங்களில் தண்ணீர் போன்ற சாம்பலை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, மேடுகளில் என் வெள்ளையை அப்படியே விட்டிருக்கிறாய். முப்பத்தைந்து பேருக்கும். அந்த முடியைச் சுற்றித் தேய்த்திருக்கிறாய், முடியை விட்டுவிட்டு. ஏன்? ஒரு இடுக்கி போதுமே, ஒரு நொடி வேலை.

டம்ளரில் இருந்ததை வாஷ்பேசினில் கொட்டினேன்.

மறுநாள் ஜெரோமின் கிளினிக்குக்குப் போனேன். பேஷன்ட் போகும்வரை காத்திருந்தேன். முடியைப் பற்றிச் சொன்னேன். அவர் முகக்கவசத்தை இறக்கிவிட்டுச் சிரித்தார்.

"நான் சொன்னேன் சார். ஊறப்போடுய்யா, ஒரு நாள் வேலை, எதுக்கு இப்படி உயிர விடறன்னு. 'ஊறப்போட்டா என் மச்சான் என்ன ஊறப்போட்டுடுவான் டாக்டர்'னாரு. பல்லு இடுக்குல தேய்க்கற பட்ட இருக்கில்ல, மெல்லிசா உப்புத்தாள் மாதிரி, அத எங்கிட்ட கட்டுக்கட்டா வாங்கிட்டுப் போவாரு. அதாலதான் தேய்ச்சாரு."

"இந்தச் சாம்பல் எல்லாம் எங்க கத்துக்கிட்டான்?"

அவர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு நீளச் சட்டத்தை எடுத்தார். அதில் வரிசையாகப் பல், பதினாறு நிறத்தில். செயற்கைப் பல் கட்டும்போது பக்கத்துப் பல்லோடு ஒப்பிட்டுப் பார்ப்பதாம். "இதக் கேட்டு வாங்கிட்டுப் போயி ரெண்டு வாரம் தரல. பேஷன்ட்டுங்கள நான் கண்ணால பாத்து அனுப்பினேன். இதுல வெள்ளைன்னு ஒண்ணு இருக்கா பாருங்க. இல்ல. மஞ்சள் இருக்கும், சாம்பல் இருக்கும். சுத்த வெள்ளையா வச்சிக் கட்டினா செட்டுப்பல்லுன்னு பஸ் ஸ்டாண்டுல நிக்கறவனுக்குக்கூடத் தெரியும் சார்." சட்டத்தை உள்ளே வைத்துவிட்டு, "அன்னிக்கு நானும் சிரிச்சேன். தப்புதான்," என்றார். பரவாயில்லை என்று சொன்னேன். முழுவதுமாகச் சொன்னேனா என்று தெரியவில்லை.

அதிகாரியை எடுத்து உட்கார்ந்தேன். தேய்த்தேன், மூன்று நாள். பிறகு சாம்பலைக் கரைத்து அவன் தொடைமேல் வைத்தேன். மாவு போலத் தூள் தூளாய் நின்றது. மறுபடி வைத்தேன், மறுபடி தூள். பெயிண்ட் மாற்றினேன், பிரஷ் மாற்றினேன். ஒரு வாரம் இதே கதை. கடைசியில் மல்லிகாவுக்குப் போன் செய்தேன்.

"அவன் எப்படி உக்காந்து செய்வான்? பாத்திருக்கியா?"

"பாக்காம என்ன. விடிஞ்சதும் கெழக்கு ஜன்னல்ல உக்காருவாரு. டிபன் பாக்ஸ்ல துணிய நனைச்சிப் போட்டு, அதுமேல பட்டர் பேப்பரு, அதுலதான் பெயிண்ட்டு. எட்டு மணியானா மூடி வச்சிட்டு ஆபீஸ். சனியன், ஃபேன மட்டும் போட உடமாட்டாரு. மே மாசத்துல வேர்வ சொட்டச் சொட்ட உக்காந்திருப்பாரு. அந்தப் பக்கம் யாரும் நடந்தாக்கூட 'காத்தடிக்காத'ம்பாரு."

போனை வைத்துவிட்டு மேலே பார்த்தேன். ஃபேன் ஐந்தில் ஓடிக்கொண்டிருந்தது.

அவ்வளவுதான் விஷயம். பிரஷ் நுனியில் இருக்கிற பெயிண்ட் சிப்பாயைத் தொடுவதற்கு முன்பே காற்றில் காய்ந்துவிடுகிறது. காய்ந்த துகளைத்தான் நாம் பூசுகிறோம். சிவப்பில் அது தெரியாது, வெள்ளையில் சுண்ணாம்பாகத் தெரியும். ஒன்பது வருடத்துக்கு முன்னால் என் முப்பத்தாறு பேரைக் கெடுத்தது என் கை இல்லை, தலைக்கு மேல் சுற்றிய மூன்று இறக்கை. நான் பௌதிகம் படித்தவன். ஆவியாதல் என்று கரும்பலகையில் எழுதியவன்.

நீ எனக்காகக் கடலூர் வெயிலில் ஃபேன் இல்லாமல் உட்கார்ந்தாய். ஒரு வருடம் இல்லை, எட்டு வருடம். வருடத்துக்கு நான்கைந்து பேராக. நான் குழாயைப் பார்த்துக் கை கழுவிய அந்தக் கல்யாணத்துக்கு மறுநாள் காலையிலும் உட்கார்ந்திருப்பாய், இல்லையா? யாரும் கேட்காத வேலை. முடித்தால் வாங்கிக்கொள்ள ஆள் வருவானா என்றே தெரியாத வேலை. ஒரு மனிதனால் இப்படியும் இருக்க முடியுமா?

மறுநாளிலிருந்து நானும் ஃபேனை நிறுத்தினேன். "அக்கினி நட்சத்திரத்துல எந்த லூசாவது ஃபேன நிறுத்துவானா?" என்று என் வீட்டில் கேட்டார்கள். சேகர் நிறுத்துவான் என்றேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை. துண்டு ஒன்றைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்கள்.

பதினெட்டு காலைகள். ஆறு மணிக்கு வெளிச்சம் வரும், எட்டுக்கு மூடிவிடுவேன். பிரஷ்ஷைத் தோய்த்து, துணியில் ஒற்றி, கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை என்று ஆன பிறகு மடிப்பில் ஓர் இழு. காயும்வரை சும்மா இருக்க வேண்டும். அது எனக்குத் தெரியாத வித்தை. சும்மா இருந்தால் எனக்குப் பழைய கோபங்கள் வரும். போன மாதம் எனக்கு ஏழு வருடம் பின்னால் சேர்ந்தவனைத் துறைத்தலைவர் ஆக்கினார்கள். அதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தது. "உடு மச்சான், அவன் மூஞ்சியும் அவனும்" என்று நீ சொல்வதைக் கேட்க வேண்டும் என்று இருந்தது. ஆனால் மடிப்பில் சாம்பல் இறங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்ததில் அவன் எப்போது மனதைவிட்டுப் போனான் என்று தெரியவில்லை.

இரண்டு முறை கெடுத்தேன். ஒருமுறை தண்ணீர் அதிகமாகி, காய்ந்ததும் வட்டமாகக் கறை விட்டது. ஒருமுறை இடது கையை இருட்டாக்கிவிட்டேன். அது இன்னும் கொஞ்சம் இருட்டுதான். பதினெட்டாம் நாள் ஜன்னலில் வைத்துக் கையை நீட்டிப் பார்த்தேன். வெள்ளை. அப்போதுதான் கவனித்தேன் மச்சான், நான் வெள்ளைப் புட்டியைத் திறக்கவே இல்லை. மூடி அப்படியே ஒட்டிக் கிடந்தது. தேவையான வெள்ளை எல்லாம் ஒன்பது வருடமாக அவன்மேல் இருந்திருக்கிறது. நான் செய்ததெல்லாம் சுற்றிலும் நிழல் வைத்தது.

அதிகாரியை முப்பத்தைந்து பேரோடு நிறுத்தினேன். உன் ஆட்கள் அளவுக்கு இல்லை, சொல்லிவிடுகிறேன். மல்லிகாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். "இவருதான் கடசியா வந்தவரா?" என்றாள். ஆமாம் என்றேன். "பரவால்ல, வந்துட்டாரு," என்றாள். உன் ஆபீஸிலேயே அவளுக்கு வேலை கேட்டு மனு போட்டிருக்கிறோம், நான்தான் எழுதினேன். கிடைத்துவிடும் போலிருக்கிறது.

இன்னும் ஒன்று. நம் குழுவில் ஒரு வழக்கம் உண்டு: பூசி முடித்தவர் சிப்பாயைக் கவிழ்த்து அடியில் தன் பெயரின் முதல் எழுத்தைப் போடுவது. உன் சிவப்புக் கோட்டு ஆட்கள் ஒவ்வொருவரின் அடியிலும் 'சே' இருக்கிறது, பெரிதாக, வாலை இழுத்துவிட்டு. பேருக்கு ஆசைப்படாதவன் என்று உன்னை யாரும் சொல்லிவிட முடியாது. என் முப்பத்தைந்து பேரையும் கவிழ்த்துப் பார்த்தேன். நான் அன்று ஸ்கெட்ச் பேனாவால் போட்ட என் எழுத்து மட்டும்தான் இருந்தது. உன் எழுத்து ஒன்றில்கூட இல்லை. என் எழுத்து அழிந்துவிடாமல் இருக்க அதன்மேல் வார்னிஷ் பூசியிருக்கிறாய்.

மாட்டுக்கொட்டகைச் சுவர் என்று நான்கு பேர் முன்னால் சொன்னதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அது தனி. இருக்கட்டும், உன்னோடு சண்டை போட எனக்கும் ஏதாவது வேண்டும்.

ஒன்று சொல்கிறேன், நம்பு. உன் வருடம் திரும்பும் அந்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியை நானே கொண்டுபோவேன். முப்பத்தாறு பேரையும் நானே இறக்குவேன். உன் சிவப்பை ஜெரோம் நகர்த்தட்டும். பகடை எப்படி விழுந்தாலும், யார் எதைச் சொல்லிச் சிரித்தாலும், என் பிரெஞ்சுக்காரர்கள் மேஜையை விட்டுப் போகமாட்டார்கள். நானும் போகமாட்டேன். பிரியாணி சாப்பிட்டுவிட்டுத்தான் இறங்குவேன். அதற்கடுத்த மாதமும் வருவேன்.

இதை ஜெரோமுக்கு அனுப்பினால், "கீழ பேரு போடுங்க சார், பேரில்லாம பேஜ்ல போட முடியாது" என்பார். போட முடியும். அதிகாரியின் அடியில் என் பழைய எழுத்து இருக்கிறது. புதிதாக ஒன்றும் நான் சேர்க்கவில்லை. நீ முப்பத்தைந்து இடத்தில் போடாமல் விட்டதை, நான் இந்த ஓர் இடத்தில், கடிதத்தின் அடியில், போடாமல் விடுகிறேன். கடலூரில் பாதிப் பேர் மற்ற பாதிப் பேருக்கு மச்சான்தான், யார் எழுதியது என்று கண்டுபிடித்துக்கொள்ளட்டும். பெயர் இல்லாமல் இப்படியே அனுப்புகிறேன்.

உன் மச்சான்